பின் பிரேக் சத்தம்: கழற்றுவதற்கு முன் காது கொடுத்துக் கேளுங்கள்

என் பழைய காரில் ஒரு நாள் பின்பக்கத்திலிருந்து கிறீச்சென்று சத்தம் வரத் தொடங்கியது. பிரேக்கை மிதித்தால் வரும், காலை எடுத்தால் நின்றுவிடும். பிரேக் ஷூ (டிரம் என்ற இரும்புச் சட்டியை உள்ளிருந்து பிடித்து வீலை நிறுத்தும் பாகம்) தேய்ந்துவிட்டது என்று நானே முடிவு கட்டி, புது ஷூ வாங்கி மாட்டினேன். பத்து நாள் அமைதியாக ஓடியது. அப்புறம் அதே கிறீச். மறுபடியும் டிரம்மைக் கழற்றி, இந்த முறை நிதானமாகப் பார்த்தபோதுதான் காரணம் கண்ணில் பட்டது. ஷூவின் ஓரம் உரசி நகரும் இடங்களில், ஷூவைத் தாங்கும் பின்தகடான பேக் பிளேட்டில், ஒரு பொட்டு கிரீஸ்கூட இல்லை. இரும்பும் இரும்பும் வறண்டு உரசிப் பளபளத்துக் கிடந்தன. முதல் முறை கழற்றி மாட்டியதில் தூசி உதிர்ந்ததால் சில நாள் அடங்கியிருந்திருக்கிறது, அவ்வளவுதான். கழற்றிப் போட்ட பழைய ஷூவில், உரசித் தேயும் பட்டையான லைனிங் பாதிக்கு மேல் மீதமிருந்தது.

அதற்குப் பிறகு ஒரு வழக்கம் வைத்துக்கொண்டேன். பின் பிரேக்கில் எந்தச் சத்தம் வந்தாலும், ஸ்பேனரைக் கையில் எடுப்பதற்கு முன் அரை மணி நேரம் கேட்பதற்காக மட்டும் ஒதுக்குவேன். சத்தம் எப்படி இருக்கிறது என்பதோடு, எப்போது வருகிறது, எப்போது நிற்கிறது என்பதையும் குறித்துக்கொண்டால், டிரம்மைத் திறக்கும் முன்பே பாதிக் காரணம் பிடிபட்டுவிடும். ஜாக்கி போட்டு வீல் மாற்றத் தெரியும், ஆனால் பிரேக்கைத் திறந்து பார்த்ததில்லை என்பவரை மனதில் வைத்து இதை எழுதுகிறேன்.

ஓட்டவே கூடாத நிலைகள்

சோதித்துப் பார்க்கலாம் என்று காரை வெளியே எடுக்கும் முன் இதைப் படித்துவிடுங்கள். இரும்பை இரும்பால் அரைப்பது போல் கரகரவென்று சத்தம் வந்தால் லைனிங் முழுவதும் தேய்ந்து ஷூவின் தகடே டிரம்மில் உரசுகிறது என்று வைத்துக்கொள்ள வேண்டும். பிரேக் பெடல் வழக்கத்தைவிடக் கீழே இறங்கினாலோ, மிதித்துப் பிடித்திருக்கும்போதே மெல்ல அமிழ்ந்துகொண்டே போனாலோ, பிரேக் ஆயில் டப்பாவில் அளவு திடீரென்று குறைந்திருந்தாலோ, வீலின் உட்பக்கம் ஈரம் வழிந்த தடம் இருந்தாலோ காரை அசைக்க வேண்டாம். மிதிக்கும்போது கார் ஒரு பக்கம் இழுத்தாலும், ஒரு வீலிலிருந்து கருகல் வாடை வந்தாலும் அப்படியே. இவற்றில் எது இருந்தாலும் சத்தத்தை ஆராயும் கட்டம் தாண்டிவிட்டது. காரை நிறுத்திய இடத்திலேயே திறந்து பாருங்கள், அல்லது தூக்கி எடுத்துப் போகச் சொல்லுங்கள்.

ஆயில் அளவைப் பற்றி ஒரு விளக்கம். லைனிங்கும், டிஸ்க் பிரேக்கில் சுழலும் தட்டை இருபுறமும் பிடிக்கும் பேடும் தேயத் தேய ஆயில் மட்டம் மாதக்கணக்கில் மெதுவாக இறங்குவது இயல்பு. ஒரு வாரத்தில் விரற்கடை இறங்கினால் அது கசிவு.

உள்ளே என்ன இருக்கிறது

பழைய கார்களில் முன்பக்கம் டிஸ்க்கும் பின்பக்கம் டிரம்மும் இருப்பதுதான் அதிகம். வீலின் ஓட்டைகள் வழியாக எட்டிப் பாருங்கள். பளபளப்பான தட்டு தெரிந்தால் டிஸ்க். மூடிய இரும்புச் சட்டி போல இருந்தால் டிரம்.

டிரம்முக்குள் பிறை வடிவத்தில் இரண்டு ஷூக்கள் எதிரெதிரே நிற்கும். அவற்றின் வெளி வளைவில் லைனிங் ஒட்டப்பட்டோ ரிவெட் அடிக்கப்பட்டோ இருக்கும். பெடலை மிதித்தால் மேலே இருக்கும் வீல் சிலிண்டர் இரண்டு ஷூக்களையும் வெளிப்பக்கம் தள்ளும். அவை டிரம்மின் உட்சுவரைப் பிடிக்கும். காலை எடுத்ததும் ரிட்டர்ன் ஸ்பிரிங்குகள் ஷூக்களைப் பழைய இடத்துக்கு இழுத்துவிடும். ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கேபிள் ஒரு நெம்புகோலை இழுத்து இதே ஷூக்களை விரிக்கும். லைனிங் தேய்வதை ஈடுகட்ட ஒரு அட்ஜஸ்டர் இருக்கும். இவை எல்லாவற்றையும் தாங்கி நிற்கும் பின்தகடுதான் பேக் பிளேட். ஷூவின் ஓரங்கள் சாய்ந்து நகர்வதற்காக அதில் சின்னச் சின்ன மேடுகள் இருக்கும், ஷூ ஒன்றுக்குப் பெரும்பாலும் மூன்று. என் காரில் வறண்டு கிடந்தவை அந்த மேடுகள்தான்.

கார் முன்னால் போகும்போது ஒரு ஷூவை டிரம்மின் சுழற்சியே தன் பக்கம் இழுத்து இன்னும் இறுக்கும். மற்றதைத் தள்ளிவிடப் பார்க்கும். ரிவர்ஸில் இந்த வேலை இடம் மாறும். முன்னால் போகும்போது வராத சத்தம் ரிவர்ஸில் மட்டும் வருவதற்கு இதுதான் காரணம். அதனால் சோதனையில் ரிவர்ஸையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

கேட்கும் வேலை

ஆள் நடமாட்டமில்லாத, சமமான இடம் வேண்டும். ஒரு பக்கம் நீளமான சுவர் இருந்தால் இன்னும் நல்லது. சத்தம் சுவரில் பட்டுத் திரும்பி ஜன்னல் வழியாகத் தெளிவாகக் கேட்கும். ரேடியோ, ஏசி, ஃபேன் எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, ஜன்னல்களை இறக்கிவிட்டு, சுமார் 20 கி.மீ. வேகத்தில் சுவரை ஒட்டிப் போங்கள். திரும்பி வரும்போது சுவர் மறுபக்கம் இருக்கும். எந்தப் பக்கம் சத்தம் பலமாகத் திரும்பி வருகிறது என்று கவனியுங்கள். முடிந்தால் ஒருவரைப் பின் சீட்டில் உட்காரவைத்து நடுவிலிருந்து கேட்கச் சொல்லுங்கள். ஓட்டுபவர் காது ஏமாறும். சத்தம் காரின் தரைத்தகடு வழியாக ஓடி வேறு மூலையிலிருந்து வருவது போலத் தோன்றும். பின்னால் என்று நினைத்தது முன் வலது வீலாக இருந்ததை நான் இரண்டு முறை பார்த்திருக்கிறேன்.

ஓடும்போது இந்தக் கேள்விகளுக்குப் பதில் தேடுங்கள். பிரேக்கை மிதிக்கும்போது மட்டும் வருகிறதா, மிதிக்காதபோதும் வருகிறதா? மிதித்தால் நின்றுவிடுகிறதா? வண்டி வேகத்தோடு சேர்ந்து சத்தத்தின் வேகமும் கூடுகிறதா? வளைவில் மாறுகிறதா? காலையில் முதல் சில பிரேக்குகளில் மட்டுமா, அல்லது சூடேறிய பிறகா? மேடு பள்ளத்தில் பிரேக் இல்லாமலேயே வருகிறதா? பதில்களைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். நினைவில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டால், டிரம்மைத் திறந்து கண்ணில் பட்ட முதல் குறைக்கு ஏற்றபடி பதில்கள் மனதில் மாறிவிடும்.

இதில் மிகவும் உபயோகமான சோதனை ஹேண்ட் பிரேக் சோதனை. பெரும்பாலான கார்களில் அது பின் வீல்களை மட்டுமே பிடிக்கும். காலியான இடத்தில் 15 முதல் 20 கி.மீ. வேகத்தில் நேராகப் போகும்போது, லீவரின் பட்டனை அழுத்திப் பிடித்தபடியே மெல்ல, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பட்டனை விடக் கூடாது. விட்டால் லீவர் பூட்டிக்கொண்டு பின் வீல் சறுக்கலாம். ஈரத் தரையிலோ வளைவிலோ இதைச் செய்யவே கூடாது. இப்படி இழுக்கும்போது அதே சத்தம் வந்தால், அது பின் பிரேக்தான் என்று கிட்டத்தட்ட உறுதி. கால் பிரேக்கில் வந்து இதில் வராவிட்டால், முன் பிரேக்கையும் சந்தேகப்பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரு விதிவிலக்கு உண்டு. பழைய சிட்ரோயன், சாப் மாடல்கள் சிலவற்றில் ஹேண்ட் பிரேக் முன் வீல்களில் வேலை செய்யும். பழைய லேண்ட் ரோவர்களில் அது கியர்பாக்ஸுக்குப் பின்னால், வீல்களுக்குச் சக்தியைக் கொண்டுபோகும் தண்டான புரொப்பெல்லர் ஷாஃப்டைப் பிடிக்கும். உங்கள் கார் எந்த வகை என்று கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சத்தம் என்ன சொல்கிறது

மிதிக்கும்போது மட்டும் வரும் நீண்ட கிறீச் ஒரு அதிர்வு. லைனிங் டிரம்மை ஒரே சீராகப் பிடிக்காமல், பிடித்து விட்டுப் பிடித்து விட்டு நொடிக்குப் பல நூறு முறை அதிரும்போது டிரம் மணி போல ஒலிக்கிறது. தூசி அடைந்திருப்பது, லைனிங்கின் மேல்பரப்பு சூட்டில் கண்ணாடி போல மினுங்கிப் போயிருப்பது, பேக் பிளேட் மேடுகள் வறண்டிருப்பது, ஷூவைப் பிடித்திருக்கும் ஸ்பிரிங் தளர்ந்திருப்பது எல்லாம் இந்த அதிர்வுக்கு இடம் கொடுக்கும். சில டிரம்களின் வெளி விளிம்பைச் சுற்றி ஒரு ஸ்பிரிங் வளையம் இருக்கும். அதிர்வை அடக்குவதற்காகவே அதைப் போட்டிருக்கிறார்கள். முன்பு கழற்றியவர் அதைத் திரும்ப மாட்டாமல் விட்டிருந்தால் கிறீச் சத்தம் வரும், எத்தனை ஷூ மாற்றினாலும் போகாது.

காலையில், அல்லது மழையில் நின்ற பிறகு, முதல் நான்கைந்து பிரேக்குகளில் மட்டும் ஒரு முனகலோ உரசலோ வந்து மறைந்தால் அது டிரம்மிலோ டிஸ்க்கிலோ இரவில் படிந்த மெல்லிய துருதான். லைனிங் அதைத் துடைத்துவிடும். இதற்காக எதையும் கழற்ற வேண்டாம்.

சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு முறை சர்ர்... சர்ர்... என்று வருவது வேறு வகை. சுற்றில் ஏதோ ஒரு இடம் மட்டும் தட்டுகிறது என்று அர்த்தம். டிரம் வட்டம் கெட்டு நீள்வட்டமாகியிருக்கலாம். கார் பல வாரம் ஹேண்ட் பிரேக்கோடு நின்றிருந்தால், ஷூ ஒட்டியிருந்த இடத்தில் மட்டும் துருப்பட்டை உருவாகியிருக்கலாம். டிஸ்க் உள்ள காரில் பின்னாலிருக்கும் தூசித் தகடு வளைந்து உரசலாம். டிஸ்க்குக்கும் தகட்டுக்கும் நடுவே ஒரு சின்னக் கல் சிக்கினால் வரும் அலறல், பிரேக்கே பிய்ந்து விழப்போகிறது என்று பயமுறுத்தும். மெதுவாகக் கொஞ்சம் ரிவர்ஸ் எடுத்தால் கல் விழுந்துவிடுவதும் உண்டு.

திசை மாற்றிய பிறகு முதல் முறை பிரேக் மிதிக்கும்போது ஒரே ஒரு டக். ரிவர்ஸில் வந்து நிறுத்தி, முன்னால் போய் நிறுத்தினால் மறுபடி ஒரு டக். ஷூக்களோ பேடுகளோ தங்கள் இடத்தில் ஒரு பக்கத்திலிருந்து மறு பக்கத்துக்கு நகர்ந்து உட்காரும் சத்தம் அது. லேசாக இருந்தால் விட்டுவிடலாம். டொக்கென்று காலில் உணரும் அளவுக்கு இருந்தால் ஸ்பிரிங்கையும் கிளிப்பையும் பார்க்க வேண்டும்.

இன்னொரு டக் இருக்கிறது. இதைக் கண்டுபிடிக்கப் பலர் திணறுவார்கள். டிரம்மை லேத்தில் கடைந்து மாட்டிய பிறகு, மெதுவாகப் பிரேக் பிடிக்கும்போது டக்... டக்... என்று வரும். லேத்தில் கத்தியை அவசரமாக நகர்த்தியிருந்தால் டிரம்மின் உட்சுவரில் திருகாணி மரை போல மெல்லிய சுருள் கோடு விழுந்துவிடும். லைனிங் அந்த மரையில் ஏறிப் பக்கவாட்டில் இழுக்கப்பட்டு, ஒரு கட்டத்தில் ஸ்பிரிங்கின் பலத்தால் பேக் பிளேட்டில் வந்து மோதும். அந்த மோதல்தான் டக். உட்சுவரைக் கரடுமுரடான உப்புத்தாளால் கோட்டுக்குக் குறுக்கே தேய்த்தால் குறையும். போகாவிட்டால் நிதானமாக இன்னொரு முறை கடைய வேண்டும்.

பிரேக்கை மிதித்தால் குறைந்து, விட்டால் திரும்ப வரும் கீச்சொலி டிஸ்க் கார்களில் அதிகம். பேடு தேய்ந்ததை அறிவிக்க வைத்திருக்கும் சின்னத் தகடு டிஸ்க்கைத் தொடும்போது இப்படி வரும்.

பிரேக்கோடு சம்பந்தமே இல்லாத உர்ர்ர் என்ற ஓசை, வேகம் கூடக் கூடக் கூடுகிறது, ஒரு பக்கம் வளைக்கும்போது அதிகமாகி மறுபக்கம் வளைக்கும்போது குறைகிறது என்றால் வீல் பேரிங்கைப் பாருங்கள். பள்ளத்தில் மட்டும் வரும் தடதட, ஷாக் அப்சார்பர் புஷ்ஷாகவோ புகைக்குழாயின் வெப்பத் தகடாகவோ இருக்கலாம். எல்லாவற்றுக்கும் முன்னால் வீல் நட்டுகளை ஒரு முறை இறுக்கிப் பாருங்கள். தளர்ந்த நட்டு பிரேக் பிடிக்கும்போது டொக் டொக் என்று தட்டும். அதைக் கவனிக்காமல் டிரம்மைத் திறப்பது நேர விரயம் மட்டுமல்ல, உயிருக்கே ஆபத்து.

கொஞ்சம் ஓட்டி நிறுத்தியதும் நான்கு வீல்களின் அருகிலும் உள்ளங்கையைக் கொண்டுபோய்ச் சூட்டை ஒப்பிடுங்கள். தொட வேண்டாம், கை வெந்துவிடும். முன் வீல்கள் பின் வீல்களைவிடச் சூடாக இருப்பது இயல்பு. பின்பக்கத்தில் இடதும் வலதும் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒன்று கொதித்தால் அந்தப் பக்கம் பிரேக் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கிறது.

காரைத் தூக்கி, கையால் சுற்றிப் பார்த்தல்

பின் வீல்களைச் சுற்ற வேண்டுமானால் ஹேண்ட் பிரேக்கை விட வேண்டும். அதனால் காரை அசையாமல் நிறுத்தும் முழுப் பொறுப்பும் முன் டயர்களுக்கு இருபுறமும் வைக்கும் முட்டுக்கட்டைகளுக்குத்தான். சமமான, கெட்டியான தரையில் மட்டும் செய்யுங்கள். முன் வீல் இழுவை உள்ள காரில் கியரையும் போட்டு வைக்கலாம். பின் வீல் இழுவை உள்ள காரில் கியரில் வைத்தால் பின் வீல் சுற்றாது, நியூட்ரலில் வைக்க வேண்டியிருக்கும். அப்போது முட்டுக்கட்டை இரட்டிப்பு முக்கியம். வீல் நட்டுகளைத் தரையில் இருக்கும்போதே லேசாகத் தளர்த்தி, ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு போட்டு, காரின் எடையை ஸ்டாண்டின் மேல் இறக்கிய பிறகே கையை உள்ளே விடுங்கள். ஜாக்கி மட்டும் தாங்கும் காருக்குக் கீழே யாரும் போகக் கூடாது. ஐந்து நிமிட வேலைதானே என்று நினைத்தும் போகக் கூடாது.

இப்போது வீலைக் கையால் சுற்றுங்கள். டிரம் பிரேக்கில் லேசான உரசல் சுற்று முழுவதும் ஒரே சீராக இருந்தால் பரவாயில்லை. ஒரு இடத்தில் மட்டும் இறுகினால் டிரம் வட்டம் கெட்டிருக்கிறது. சுற்றவே சிரமமாக இருந்தால் கேபிள் சிக்கியிருக்கலாம், அல்லது அட்ஜஸ்டர் அளவுக்கு மீறி விரிந்திருக்கலாம். ஒருவரை ஹேண்ட் பிரேக்கை இழுத்து விடச் சொல்லி, விட்டதும் வீல் உடனே சுதந்திரமாகிறதா என்று பாருங்கள். அப்புறம் டயரின் உச்சியிலும் அடியிலும் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். ஆட்டம் தெரிந்தால் பேரிங். சுற்றும்போது சஸ்பென்ஷன் ஸ்பிரிங்கின் மேல் விரல் நுனிகளை வைத்தால், கெட்ட பேரிங்கின் கரகரப்பு காதில் கேட்காவிட்டாலும் விரலில் தெரியும்.

டிரம்மைக் கழற்றுதல்

பழைய லைனிங்குகளில் ஆஸ்பெஸ்டாஸ் இருந்திருக்கிறது. உங்கள் காரில் இருக்கும் ஷூ எந்தக் காலத்தது என்பது பார்த்தால் தெரியாது. ஆகவே இருக்கிறது என்றே வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள். தூசியை வாயாலோ காற்றுக் குழாயாலோ ஊதக் கூடாது, உலர்ந்த பிரஷ்ஷால் தட்டவும் கூடாது. நுண்துகளைத் தடுக்கும் முகக்கவசம் போட்டு, பிரேக் கிளீனரால் நனைத்து, வழிவதை ஒரு தட்டில் பிடித்து, ஈரத் துணியால் துடைத்துப் பையில் கட்டிப் போடுங்கள். சாதாரணத் துணி முகக்கவசம் இதற்குப் போதாது.

இரண்டு பின் வீல்களையும் தூக்கியிருந்தாலும் ஒரு பக்கத்தை மட்டும் திறங்கள். ஸ்பிரிங் எந்த ஓட்டையில் மாட்டியிருந்தது என்ற சந்தேகம் வரும்போது மறுபக்கம் உங்களுக்கு மாதிரியாக இருக்கும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட் பிரேக் விட்டிருக்கிறதா என்று மறுபடி பாருங்கள். டிரம்மைப் பிடித்திருக்கும் சின்ன ஸ்க்ரூ இருந்தால் கழற்றுங்கள். பெரும்பாலும் டிரம் கையோடு வராது. தேய்ந்த டிரம்மின் உள் ஓரத்தில் ஒரு மேடு உருவாகியிருக்கும், அது ஷூவில் மாட்டிக்கொள்ளும். பேக் பிளேட்டிலோ டிரம்மிலோ ரப்பர் மூடி போட்ட ஓட்டை வழியாக ஸ்க்ரூ டிரைவரை விட்டு அட்ஜஸ்டர் பல்சக்கரத்தைத் தளர்த்தினால் ஷூ சுருங்கி வழி விடும். பல டிரம்களின் முகப்பில் மரை போட்ட இரண்டு ஓட்டைகள் இருக்கும். பெரும்பாலும் 8 மி.மீ. போல்ட் பொருந்தும். இரண்டிலும் போல்ட்டை விட்டு மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் டிரம்மே வெளியே வரும். துருவில் ஒட்டியிருந்தால் நடு மையத்தைச் சுற்றித் துரு நீக்கும் எண்ணெய் விட்டுக் காத்திருந்து, போல்ட்டுகளுக்கு நடுவே சுத்தியலால் தட்டுங்கள். விளிம்பில் அடித்தால் வார்ப்பிரும்பு உடைந்துவிடும்.

சில கார்களில் டிரம்மும் பேரிங்கும் ஒரே உருப்படியாக, நடுவில் பெரிய நட்டும் பிளவுப்பின்னும் போட்டு வரும். அந்த நட்டை எவ்வளவு இறுக்க வேண்டும் என்பது காருக்குக் கார் மாறும். கையேடு இல்லாமல் அதைத் தொட வேண்டாம். தொட்டால் பிளவுப்பின்னைப் புதிதாகத்தான் போட வேண்டும்.

டிரம் கழன்றிருக்கும்போது யாரும் பிரேக் பெடலை மிதிக்கக் கூடாது. வீல் சிலிண்டரின் பிஸ்டன்கள் வெளியே வந்து ஆயில் கொட்டிவிடும். ஸ்டீயரிங்கில் ஒரு தாளை ஒட்டிவைப்பது என் பழக்கம்.

உள்ளே எதைப் பார்ப்பது

முதலில் ஈரம். வீல் சிலிண்டரின் இரண்டு முனைகளிலும் இருக்கும் ரப்பர் உறையை மெல்ல விலக்குங்கள். உள்ளே ஆயில் தேங்கியிருந்தால் சிலிண்டர் கசிகிறது. பின் வீல் இழுவை உள்ள காரில் ஆக்ஸில் ஆயில் சீல் போனாலும் உள்ளே நனையும். அந்த ஆயில் தடிமனாக, கந்தக வாடையோடு இருக்கும். ஆயில் குடித்த லைனிங் கிறீச்சிடும், சட்டென்று பிடித்து வீலைப் பூட்டும். அதைத் துடைத்தோ தீயில் வாட்டியோ மீட்கலாம் என்று சொல்வார்கள், நம்பாதீர்கள். கசிவைச் சரிசெய்து, இரண்டு பக்கமும் ஷூவை மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் மாற்றினால் இடதும் வலதும் வெவ்வேறு பலத்தில் பிடிக்கும்.

அடுத்து லைனிங்கின் கனம். கையேடு சொல்லும் அளவே இறுதி. அது கையில் இல்லாவிட்டால், ஒட்டிய லைனிங்கில் 1.5 மி.மீ., ரிவெட் அடித்ததில் ரிவெட் தலைக்கு மேல் 1 மி.மீ. நெருங்கினாலே மாற்றிவிடுங்கள். மிகவும் தேய்ந்த இடத்தில் அளக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தேய்ந்திருந்தால் ஷூ நேராக நகரவில்லை என்று பொருள். லைனிங் தகட்டிலிருந்து பிரிந்து விரிசல் விட்டிருக்கிறதா என்று விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். பிரிந்த லைனிங் ஒரு நாள் கழன்று டிரம்முக்குள் சிக்கி வீலைப் பூட்டிவிடும்.

டிரம்மில், அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச உள்விட்டம் வார்ப்பிலேயே எழுதப்பட்டிருக்கும். புது அளவைவிட அது பெரும்பாலும் 1 அல்லது 2 மி.மீ.தான் கூடுதல். அதைத் தாண்டியதைக் கடையக் கூடாது, மாற்றத்தான் வேண்டும். நகத்தில் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளக் கோடுகள், நீலம் பாய்ந்த புள்ளிகள், விரிசல் இருக்கிறதா என்று பாருங்கள். நீலப் புள்ளிகள் அதிகச் சூடு பட்டதற்கு அடையாளம். அந்த இடங்கள் கெட்டிப்பட்டுப் போயிருப்பதால் அங்கே பிடிப்பு மாறும், சத்தம் வரும்.

ஸ்பிரிங்குகளில் சுருள்கள் ஒன்றையொன்று ஒட்டியிருக்க வேண்டும். இடைவெளி விட்டு இளித்தால் இழுவை போய்விட்டது. விலை குறைந்த பாகம் இதுதான், ஷூவை விட்டால் சத்தத்துக்கு அடிக்கடி காரணமாவதும் இதுதான். ஷூ மாற்றும்போது ஸ்பிரிங் செட்டையும் மாற்றிவிடுவது என் தீர்மானமான கருத்து. அட்ஜஸ்டரைக் கழற்றினால் அது எந்தப் பக்கத்தது என்று குறித்துக்கொள்ளுங்கள். பல கார்களில் இடது வலது மரைகள் எதிரெதிர்த் திசை. மாற்றிப் போட்டால் விரிய வேண்டியது சுருங்கும்.

கடைசியாக, என்னை ஏமாற்றிய அந்த மேடுகள். ஷூவை எடுத்துவிட்டு ஒவ்வொன்றையும் விரலால் தடவுங்கள். பளபளத்து வறண்டிருந்தால் சுத்தம் செய்து, பிரேக்குக்கென்று விற்கும் அதிகச் சூடு தாங்கும் கிரீஸை மெல்லிய படலமாகப் பூசுங்கள். பேரிங் கிரீஸ் வேண்டாம், அது சூட்டில் இளகி லைனிங்கில் வழியும். மேட்டில் ஷூ தோண்டிய பள்ளம் இருந்தால், ஷூவின் ஓரம் அதில் சிக்கிச் சிக்கி நகரும். ஒவ்வொரு முறையும் ஒரு டக் கேட்கும். லேசான பள்ளத்தை அரத்தால் சமன் செய்யலாம். ஆழமாக இருந்தால் பேக் பிளேட்டை மாற்ற வேண்டும். அட்ஜஸ்டர் மரையிலும் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் அசையும் முளையிலும் ஒரு பொட்டு கிரீஸ் போதும். கையைத் துடைத்துவிட்டு ஷூவைத் தொடுங்கள். கிரீஸ் விரல் ரேகை லைனிங்கில் படக் கூடாது.

பின்னால் டிஸ்க் இருந்தால்

வேலை எளிது. வீலைக் கழற்றியதும் பெரும்பாலானவை கண்ணுக்குத் தெரியும். உள் பேடையும் வெளிப் பேடையும் ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் மிகவும் தேய்ந்திருந்தால் பேடுகளை டிஸ்க்கின் மேல் அழுத்தும் காலிப்பர் நகரும் பின்கள் இறுகிப்போயிருக்கின்றன. லைனிங் 3 மி.மீ. நெருங்கினால் மாற்றுங்கள். பேடைப் பிடிக்கும் மெல்லிய கிளிப்புகள் இருக்கின்றனவா, இடத்தில் உட்கார்ந்திருக்கின்றனவா என்று பாருங்கள். அவை இல்லாத பேடு பள்ளத்தில் கடகடக்கும், பிரேக் பிடித்தால் அடங்கும். டிஸ்க்கின் குறைந்தபட்சக் கனம் அதன் விளிம்பிலோ நடுப் பகுதியிலோ பொறிக்கப்பட்டிருக்கும். ஹேண்ட் பிரேக்கும் அதே காலிப்பரில் வேலை செய்தால், பிஸ்டனை வெறுமனே அழுத்தி உள்ளே தள்ளக் கூடாது. பெரும்பாலானவற்றைத் திருகிக்கொண்டே தள்ள வேண்டும். சில கார்களில் டிஸ்க்கின் நடுவில் ஹேண்ட் பிரேக்குக்கென்று குட்டி டிரம் ஒன்று இருக்கும். டிஸ்க்கும் பேடும் நன்றாக இருந்தும் கரகரவென்று வந்தால், அதற்குள் லைனிங் பிய்ந்து உருண்டுகொண்டிருக்கிறதா என்று டிஸ்க்கைக் கழற்றிப் பாருங்கள்.

மாட்டிய பிறகு

டிரம் கையால் தள்ளினால் உள்ளே போகும் அளவுக்கு, லேசான உரசலோடு சுற்றும் அளவுக்கு அட்ஜஸ்டரை விரியுங்கள். ஹேண்ட் பிரேக் கேபிளை இறுக்கி இந்தச் சரிக்கட்டலைச் செய்யக் கூடாது. முதலில் ஷூ, அப்புறம்தான் கேபிள். இரண்டு டிரம்மும் மாட்டிய பின் பெடலைப் பல முறை மிதித்து, அது கெட்டியாக நிற்கிறதா என்று பாருங்கள். பஞ்சு போல அமுங்கினால் உள்ளே காற்று இருக்கிறது, அதை வெளியேற்றாமல் ஓட்டக் கூடாது. ஆயில் சேர்க்க வேண்டியிருந்தால் மூடியில் போட்டிருக்கும் ரகத்தையே சேருங்கள். டாட் 3, டாட் 4 என்று போட்டிருக்கும் காரில் சிலிகோன் வகையான டாட் 5 கலக்கவே கூடாது. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்னும், சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

வீல் நட்டுகளைக் குறுக்குக் குறுக்காக, கையேட்டில் உள்ள அளவுக்கு இறுக்குங்கள். முதல் பிரேக்கை நடை வேகத்தில், காலியான இடத்தில் பிடியுங்கள். புது ஷூ டிரம்மோடு படிய முதல் 200 கி.மீ. வரை மிதமாகவே பிரேக் பிடியுங்கள். அந்த நாட்களில் லேசான உரசல் இருக்கும், பயப்பட வேண்டாம். 50 முதல் 100 கி.மீ. ஓடிய பிறகு நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். வீல்களின் சூட்டை இடதும் வலதும் ஒப்பிடுங்கள். அப்புறம் அதே சுவரை ஒட்டி, அதே வேகத்தில், எழுதிவைத்த அதே தாளோடு ஒரு முறை போய் வாருங்கள்.